பாலுண்ணியும் டைப்ரைட்டரும்

11.3.94, வெள்ளி

மூன்றாம் நம்பர் மெஷினுக்கு ரிப்பன் மாற்றினேன். பங்குனி பிறக்கும் முன்பே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலை பேட்ச்சில் எல்லோரும் வந்திருந்தார்கள்.

எழுத வேண்டியது அதில்லை. முப்பிடாதி கையை இழுத்துக்கொண்டாள்.

அவளுக்கு இடது சுண்டுவிரலில் பலம் போதாது. இங்கிலீஷ் ‘ஏ’ எழுத்து பாதி விழும், பாதி விழாது. இந்த இன்ஸ்டிட்யூட்டை ஆரம்பித்த நாளிலிருந்து நான் சொல்லிக்கொடுக்கிற முறை ஒன்றுதான். பிள்ளைகளின் விரல் மேல் என் விரலை வைத்து, சாவியை எவ்வளவு அழுத்த வேண்டுமோ அவ்வளவு அழுத்திக் காட்டுவேன். வாயால் சொன்னால் விரலுக்குக் கேட்காது. இன்றும் அப்படித்தான் வைத்தேன். சுடுசட்டியைத் தொட்டவள் மாதிரி இழுத்துக்கொண்டாள். பிறகு, “வேர்வை டீச்சர்” என்றாள். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை.

என் கையை நானே பார்த்தேன். பாலுண்ணி. போன வருஷம் ஆள்காட்டி விரல் நகத்தடியில் கடுகு மாதிரி ஒன்று வந்தது. இப்போது கட்டைவிரல், முட்டி, நகக்கண் என்று இரண்டு கையிலும் சொரசொரவென்று குடியேறியிருக்கிறது. வாடகை தராத குடி.

இருந்துவிட்டுப் போகட்டும். நான் என்ன, யார் பையிலாவது கை விட்டேனா?

14.3.94, திங்கள்

முப்பிடாதியின் அப்பா பலவேசம் வந்திருந்தார். முக்கூடல் பக்கம் வயல் வேலை. மகளை பஸ் ஏற்றி அனுப்பி இங்கே அம்பையில் டைப் படிக்க வைக்கிறார். வாசலிலேயே நின்றுகொண்டு துண்டைத் திருகினார்.

“டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீய. கையில உள்ளது பிள்ளைக்கு ஒட்டிக்கிடுமோன்னு அவ அம்மை பயப்படுதா.”

“ஒட்டாது” என்றேன். பட்டென்று. யோசிக்கக்கூட இல்லை.

“நீங்க சொன்னாச் சரிதான்” என்று போய்விட்டார். அந்தப் பேச்சை அவ்வளவு சீக்கிரம் நம்புவார் என்று எனக்கே தெரியாது.

20.3.94, ஞாயிறு

அம்மா இன்று வைத்தியர் ஆகிவிட்டாள். கொல்லைப்புறத்தில் அம்மான் பச்சரிசிச் செடியைப் பிடுங்கி, தண்டை ஒடித்து, வருகிற பாலை ஒவ்வொன்றின் மேலும் தொட்டு வைத்தாள். எத்தனை இருக்கிறது என்று நான் எண்ண ஆரம்பித்ததும் கையில் அடித்தாள். “எண்ணாத ளா! எண்ணினா பெருகும்.”

எண்ணாமலே பெருகித்தானே நிற்கிறது அம்மா?

2.4.94, சனி

செடிப்பால் பலிக்கவில்லை. மெடிக்கலில் பாலுண்ணிக்குப் பூசுகிற ‘பெயிண்ட்’ மருந்து ஒரு பாட்டில் வாங்கிப் பத்து நாள் தடவிப் பார்த்தேன். வெள்ளையாகப் படிந்து உரிந்ததுதான் மிச்சம். தூக்கிப் போட்டுவிட்டேன். இன்று அடுத்த தெருக்காரி சொன்னாள் என்று அம்மா சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைத்தாள்.

3.4.94, ஞாயிறு

எரியுது. பாலுண்ணி அப்படியே இருக்கு. பக்கத்துத் தோல்தான் வெந்து போச்சு.

17.4.94, ஞாயிறு

குமரகுருபரன் அண்ணனும் மதினியும் பாளையங்கோட்டையிலிருந்து வந்தார்கள். மதினிக்குக் காப்பி கொடுத்தேன். டம்ளரை முந்தானையால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டுத்தான் வாய் வைத்தாள். நான் பார்த்தேன் என்று அவளுக்கும் தெரியும். சீனி போதுமா என்று கேட்டேன். போதும் என்றாள்.

அண்ணன் முன்னறையை அளக்கிற மாதிரி நடந்தார். ஏழு மெஷினும் கிடக்கிற அறை.

“ஏட்டி, இனிமே டைப்புக்கு எவன் வருவான்? எல்லாம் கம்ப்யூட்டர்தான். தென்காசிக்காரர் ஒருத்தர் செண்டர் போட இடம் தேடுதாரு. இந்த ரூம் அவருக்குப் பிடிச்சிருக்கு.”

“எனக்கும் பிடிச்சிருக்கு” என்றேன்.

“உன் கையைப் பார்த்துட்டுப் பிள்ளைகள்லாம் ஓடுதுன்னு அம்மை சொல்லுதா. கிளவுஸாவது போட்டுக்கோ. ஆகஸ்ட் பரீட்சை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள பேட்ச் ஒழுங்கா நடக்கலேன்னா ரூமைக் கொடுத்துருவோம். வீட்டுல எனக்கும் பாதி உண்டு, ஞாபகம் வச்சுக்கோ.”

கிளவுஸ் போட்டுக்கொண்டு டைப் அடிக்கச் சொல்லிக்கொடுப்பதா? மூக்கை அடைத்துக்கொண்டு சமைத்த மாதிரி இருக்கும்.

என் கல்யாணப் பேச்சு இரண்டு தடவை முறிந்தபோது இந்த அண்ணன் சொன்னது, “உனக்குன்னு ஒரு தொழில் இருக்கட்டும்.” அந்தத் தொழில்தான் அண்ணே இது. நீங்க சொன்னதுதான். நான் விட மாட்டேன். மெஷினை எடுக்கணும்னா என்னையும் சேர்த்துத் தூக்குங்க, பார்ப்போம்.

9.5.94, திங்கள்

கரண்ட் வைத்துச் சுடுகிற ஒரு டாக்டரிடம் போனேன். எந்த ஊர், யார் என்று எழுதப் பிடிக்கவில்லை. “ஒரே சிட்டிங், வேரோட போயிரும்” என்றார். பெரிதாக இருந்தவற்றைச் சுட்டார். கறி கருகுகிற வாடை. என் கறி.

இனிப் பத்து நாள் விரலெல்லாம் கட்டு. பிள்ளைகளுக்கு வாயால்தான் பாடம். முப்பிடாதியின் ‘ஏ’ இன்னும் பாதிதான் விழுகிறது.

6.6.94, திங்கள்

திரும்ப வந்துட்டு.

அதுவும் எப்படி? சுட்ட இடத்தைச் சுற்றி வட்டமாக, நடுவில் தழும்பு, ஓரத்தில் வரிசையாகப் புதுசு. போனது ஒண்ணு, வந்தது ஒரு கூட்டம். ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்து மெஷின் ரூமில் உட்கார்ந்து அழுதேன். என்ன பாவம் செஞ்சேன்? தினமும் சோப்புப் போட்டுக் கழுவுதேன், எவன் சோத்திலும் மண் போடல. எனக்கு மட்டும் ஏன்?

அழுது முடிந்ததும் ஏழு மெஷினையும் துடைத்தேன். அழுதால் மெஷினில் மை அடைப்பது நிற்குமா?

15.6.94, புதன்

சாரல் ஆரம்பித்துவிட்டது. மாலை பேட்ச்சில் மிச்சமிருந்த இரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள். ஒருத்தி சொல்லாமல் நின்றாள். இன்னொருத்தியின் அம்மா வந்து, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, “சீக்குக் கை பட்ட மெஷினை எம்பிள்ளை தொட மாட்டா” என்றாள்.

“இது ஒட்டாது, ஒட்டாது, ஒட்டாது!” என்று நானும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். பிறகு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன்.

மிச்சமிருப்பது காலை பேட்ச் மட்டும். அதிலும் பாதி நாற்காலி காலி. அண்ணனுக்குத் தந்தி அடித்த மாதிரி செய்தி போயிருக்கும்.

20.6.94, திங்கள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். முதல் பஸ். தோல் பிரிவில் வரிசை வராண்டாவைத் தாண்டி வேப்பமரம் வரை நின்றது. என் முறை வந்தபோது உள்ளே இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. காலேஜ் பிள்ளை மாதிரி இருந்தாள். இவளா எனக்கு வழி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் செய்த முதல் காரியம் என் கையைப் பிடித்தது. சும்மா பிடித்தாள், கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவைத் தவிர ஒருவர் வெறுங்கையால் என் கையைத் தொட்டு எத்தனை மாசம் ஆகிறது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

“இது வைரஸ்ம்மா. ரொம்பப் பேருக்கு வாறதுதான். ஆனா ஒட்டும்.”

“ஒட்டாது” என்றேன். பழக்கதோஷம்.

அவள் சிரிக்கவில்லை. “ஒட்டும். லேசா, எல்லாருக்கும் இல்ல. உங்க கையிலேயே ஒரு விரல்ல இருந்து இன்னொரு விரலுக்குப் போயிருக்கு பாருங்க. இதைக் குத்தி நோண்டுவீங்களா? கடிப்பீங்களா?”

“ரெண்டும் கிடையாது.”

மருந்து எழுதினாள். பார்த்தால் நான் மெடிக்கலில் வாங்கித் தூக்கிப் போட்ட அதே பெயிண்ட். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இதைப் போட்டுப் பார்த்தாச்சு. ஒண்ணும் கேக்கல.”

“எப்படிப் போட்டீங்க?”

“தடவினேன்.”

“வெந்நீர்ல ஊறப் போட்டீங்களா? செத்த தோலைத் தேய்ச்சு எடுத்தீங்களா? மூடிக் கட்டினீங்களா? எத்தனை நாள்?”

பத்து நாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

“காரை மேல வெள்ளையடிச்சா சுவத்துக்குள்ள போகுமா? தினமும் ஊறப் போடணும். கால் தேய்க்கிற கல் ஒண்ணைத் தனியா வச்சுக்கிட்டுத் தேய்க்கணும், வேற யாரும் அதைத் தொடக் கூடாது. சுத்தியுள்ள தோல்ல வாசலின் தடவிட்டு, அது மேல மட்டும் மருந்து. காஞ்சதும் பிளாஸ்டர். மூணு மாசம், நாலு மாசம்கூட ஆகும். சலிச்சுப் போகும். விடாமச் செஞ்சா நெறையப் பேருக்குப் போயிருது. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்.”

எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன் என்றாளே, அங்கேதான் அவளை நம்ப ஆரம்பித்தேன். ஒரே சிட்டிங் ஆசாமி அப்படிச் சொல்லவில்லை.

கிளம்பும்போது கேட்டேன், போனது எப்படித் தெரியும் என்று. “விரல் ரேகை பாலுண்ணி மேல ஓடாது, விலகிப் போகும். அது போச்சுன்னா ரேகை திரும்ப அந்த இடத்துல ஓடும். அதுவரைக்கும் விடாதீங்க.”

21.6.94, செவ்வாய்

ஒட்டும்.

பலவேசம் முகம்தான் கண்ணில் நிற்கிறது. “நீங்க சொன்னாச் சரிதான்.”

யாரிடமும் சொல்ல வேண்டாமே. யாருக்கும் இன்னும் வரவில்லையே. டாக்டரம்மாவே லேசாகத்தான் என்றாளே. சொன்னால் மிச்சமிருக்கிற நாற்காலியும் காலியாகும். அண்ணன் ரூமைத் தென்காசிக்காரருக்குக் கொடுப்பார். ஊரே சேர்ந்து, பார்த்தியா, அப்பமே சொன்னோம்லா என்று சிரிக்கும். எதுக்குச் சொல்லணும்?

22.6.94, புதன்

முப்பிடாதி ஸ்பீடு அடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில். டாக்டரம்மா குத்துவீர்களா என்று கேட்டதை வேடிக்கையாகச் சொன்னேன். அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு என் மடியைப் பார்த்தாள்.

“நீங்க இப்பமும் குத்திக்கிட்டுத்தான இருக்கீய டீச்சர்.”

குனிந்து பார்த்தேன். வலது கையில் ஊக்கு. இடது கட்டைவிரலில் ரத்தப் பொட்டு.

இங்கிலீஷ் மெஷினில் ‘ஈ’, ‘ஓ’ எழுத்துகளின் வயிற்றில் மை அடைத்துக்கொள்ளும். அதைக் குத்தி எடுக்க நான் எப்போதும் தாலிக்கயிறு மாதிரி ஒரு ஊக்கை ரவிக்கையில் மாட்டியிருப்பேன். பிள்ளைகள் அடிக்கும்போது சும்மா இருக்கிற கை அந்த ஊக்கை எடுத்துப் பாலுண்ணியை நோண்டியிருக்கிறது. எனக்கே தெரியாமல். எத்தனை மாசப் பழக்கமோ. நோண்டிய ஊக்காலேயே அடுத்த விரல், அதே ஊக்காலேயே மெஷின், மெஷினில் பிள்ளைகள் விரல்.

விதியைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், மதினியைத் திட்டினேன். விதைத்தது இந்தக் கை.

ஊக்கைக் குப்பையில் போட்டேன். மை எடுக்க இனிமேல் பிரஷும் ஸ்பிரிட்டும்தான்.

24.6.94, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

தமிழ் மெஷினில் தப்பில்லாமல் அடித்து வாசல் கதவில் ஒட்டினேன். ‘என் கையில் இருப்பது பாலுண்ணி. இது ஒட்டக்கூடியது. ஒட்டாது என்று நான் முன்பு சொன்னது தவறு. மருந்து போட்டு, பிளாஸ்டரால் மூடியிருக்கிறேன். மெஷின்கள் ஒவ்வொரு பேட்ச்சுக்குப் பிறகும் ஸ்பிரிட்டால் துடைக்கப்படும். மாணவர்கள் சொந்தமாகத் துணி கொண்டுவரவும். படிப்பை நிறுத்த விரும்புகிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். இன்ஸ்டிட்யூட் நடக்கும்.’

கடைசி வரியை மட்டும் சிவப்பு ரிப்பனில் அடித்தேன்.

பலவேசத்தை வரச் சொல்லி நேரிலும் சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்பம் அன்னைக்கு ஒட்டாதுன்னு சொன்னீயளே.”

“தெரியாமச் சொன்னேன். தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அது தப்பு.”

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் துணிப்பையை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

26.6.94, ஞாயிறு

அண்ணன் போனில்: “கடையை நீயே மூடிட்டியே ளா!”

நான்: “இன்ஸ்டிட்யூட் நடக்கும்னு கடைசி வரியில இருக்கு. சிவப்புல. வந்து படிங்க.”

4.7.94, திங்கள்

ஊறப் போடு, தேய், பூசு, ஒட்டு.

5.7.94, செவ்வாய்

மேற்படி.

11.7.94, திங்கள்

ஒரு மாற்றமும் இல்லை. வெள்ளைத் தோல் வருகிறது, தேய்க்கிறேன், மறுநாள் மறுபடி வருகிறது. மருந்து வாடையில் சோறு இறங்கவில்லை. காலை பேட்ச்சில் மூன்று பேர்.

பாட்டிலைத் தெருவில் எறியக் கை ஓங்கினேன். பிறகு ஒரு கோபம். பத்து நாளில் விட்டவள்தானே நீ, இப்பவும் விடுவாய் என்று பாலுண்ணி என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. சிரிக்கியா? இரு. நீயா நானா பார்த்துருவோம்.

ஊறப் போட்டேன்.

18.7.94, திங்கள்

காலையில் கதவைத் திறந்தால் முப்பிடாதி. கையில் மடித்த துணி. பின்னால் பலவேசம்.

“வேற ஒரு இடத்துல சேர்த்துப் பார்த்தேன் டீச்சரம்மா. அங்கன யாரும் பக்கத்துல வந்து சொல்லிக் குடுக்க மாட்டேங்காவ. பிள்ளைக்கு ஏறவே இல்ல. வீட்டுல யோசிச்சோம். எங்க தெருவுலயும் பாதிப் பேரு கையில இந்தக் கழுதை கெடக்கு. எவனும் ஒட்டும்னு எழுதிப் போட்டுட்டு நிக்கல. நீங்கதான் நின்னீய.”

“உள்ள வா, நேரமாச்சு” என்று அவளை அதட்டினேன்.

அவள் உட்கார்ந்ததும், “முன்ன மாதிரி கையப் பிடிச்சுச் சொல்லிக் குடுங்க டீச்சர்” என்றாள்.

மாட்டேன் என்றேன். இப்போது மாட்டேன். அவள் சுண்டுவிரல் மேல் பென்சில் கட்டையை வைத்து அழுத்தினேன். பென்சில் வழியே அழுத்தம் போகிறது, பாதி. பாதியாவது போகிறது.

7.8.94, ஞாயிறு

ஆடி அமாவாசை. ஆற்றங்கரையில் எள் விழ இடமில்லாத கூட்டமாம். அம்மா கோயிலில் எனக்காக உப்பும் மிளகும் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாளாம். உப்பு கரையக் கரையப் பாலுண்ணியும் கரையுமாம்; திரும்பிப் பார்த்தால் பலிக்காதாம்.

நான் வீட்டிலேயே இருந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலில், நகத்தடியில் முதலில் வந்ததே, அந்த மூத்தது, கல்லோடு உரிந்து வந்துவிட்டது. அடியில் இளஞ்சிவப்புத் தோல். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெல்லிசாக, கோணல்மாணலாக, ரேகை ஓடியது.

“அம்மா!” என்று கத்தினேன். ஓடி வந்து பார்த்தாள். “உப்பு கரைஞ்சிருக்கும்” என்றாள் நிதானமாக.

அவள் உப்பைச் சொல்லட்டும், நான் கல்லைச் சொல்கிறேன். இரண்டு பேருமே விடவில்லை என்பதுதான் கணக்கு. இன்றைக்குச் சண்டை போட எனக்கு மனசில்லை.

20.8.94, சனி

பரீட்சை. முப்பிடாதி போகும்போது சுண்டுவிரலை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

12.9.94, திங்கள்

பெரியாஸ்பத்திரி. டாக்டரம்மா லென்ஸ் வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். முட்டியில் உள்ளதெல்லாம் போய்விட்டது. கட்டைவிரலில் சுட்ட வட்டம் மட்டும் பிடிவாதமாக இருக்கிறது. “இன்னும் ஒரு மாசம்” என்றாள். “ஒரு வருஷம்னாலும் சரி” என்றேன். முதல் தடவையாகச் சிரித்தாள்.

திரும்பும் வழியில் அண்ணன் வீட்டில் இறங்கினேன். ஆகஸ்ட் தாண்டியாச்சே, ரூமுக்கு எப்போது ஆள் வருகிறது என்று நானே கேட்டேன். அண்ணன் பேப்பரை மடித்தார். “நீ கதவுல எழுதி ஒட்டினதைத் தென்காசிக்காரர் வந்து பார்த்திருக்காரு. ஒட்டுத வியாதி உள்ள எடம் வேண்டாம்னு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிட்டாரு.”

சிரிப்பை அடக்க முடியவில்லை. மதினியும் சிரித்துவிட்டாள். அவள் கொடுத்த காப்பி டம்ளரை நான் முந்தானையால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டுக் குடித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

17.10.94, திங்கள்

கட்டைவிரலிலும் ரேகை ஓடிவிட்டது. எந்த நாள் போனது என்று தெரியவில்லை. தேய்க்கப் போனால் தேய்க்க ஒன்றுமில்லை.

கல்லைத் தூக்கி எறிந்தேன். கதவில் உள்ள காகிதத்தை அம்மா கிழிக்கப் போனாள். இருக்கட்டும் என்றேன்.

14.11.94, திங்கள்

மழை. முப்பிடாதி டைப்பில் லோயர் கிரேடு பாஸ். பலவேசம் ஒரு படி புதுப் பச்சரிசி கொண்டுவந்து வைத்துவிட்டு, “அம்பையிலேயே ஒரு வக்கீல் ஆபீஸ்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காவ” என்று மூன்று தடவை சொன்னார். ‘ஏ’ எழுத்து முழுசாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

காலை பேட்ச்சில் புதுசாக ஒரு பெண் சேர்ந்தாள். கல்லிடைக்குறிச்சியாம். மெஷின் முன்னால் உட்கார்ந்தவள் இடது கையை மட்டும் தாவணிக்குள்ளேயே வைத்திருந்தாள். எடு என்றேன். எடுக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

நானே அந்தக் கையை வெளியே எடுத்தேன். முட்டி முழுக்க. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“டீச்சர், தொடாதீய. உங்களுக்கு ஒட்டிரும்.”

“ஒட்டினா ஒட்டட்டும். எனக்கு வழி தெரியும். சாயந்தரம் இருந்துட்டுப் போ, உனக்கும் சொல்லித் தாரேன்.”

அவள் விரல் மேல் என் விரலை வைத்தேன். இழுக்கப் பார்த்தாள்.

“கையை எடுக்காத” என்றேன். “அழுத்து. ஏ.”